எண்ணுக்கும் எசமான் உண்டு

எண்களைக் கண்டால் நமக்குத் தானாக ஒரு பணிவு வந்துவிடுகிறது. ஒரு மனிதர் வந்து “இவன் தகுதியானவன், அவன் லாயக்கில்லை” என்று சொன்னால் சட்டையைப் பிடிக்கிறோம். அதையே ஒரு பட்டியல் சொன்னால், “கணக்குன்னா கணக்குதானே” என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அந்தப் பட்டியலையும் யாரோ ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்துதான் எழுதினார் என்பது மறந்துபோகிறது. அப்படி எழுதப்பட்ட ஒரு பட்டியலோடுதான் எனக்கு இப்போது சண்டை. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் எந்த இருபது குதிரைகள் ஓடலாம் என்று தீர்மானிக்கும் புள்ளிப் பட்டியல்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியல் அளவுகோல் என்ற பெயரில் உலாவும் ஒரு சாவிக்கொத்து. அது பந்தயத்தை நடத்தும் நிறுவனத்தின் இடுப்பில் தொங்குகிறது.

“குதிரைப் பந்தயமா? அது சூதாட்டமாச்சே, அதுக்கு எதுக்கு ஒரு கட்டுரை?” என்று கேட்பீர்கள். சூதாட்டம்தான், மறுக்கவில்லை. நான் பணம் கட்டுகிற ஆள் இல்லை, பார்க்கிற ஆள். மே மாத முதல் சனிக்கிழமை மாலை லூயிவில் நகரில் நடக்கும் அந்த ஓட்டம் நமக்கு ஞாயிறு விடியற்காலை நாலரை மணிவாக்கில் வரும். இரண்டே நிமிடச் சமாச்சாரம். அதற்காக அலாரம் வைத்து எழுந்திருக்கும் கிறுக்கு எனக்குச் சில வருடங்களாக உண்டு. அந்த இரண்டு நிமிடத்தைவிட அதற்கு முந்தைய எட்டு மாதங்கள்தான் என்னை அதிகம் உறுத்துகின்றன.

கதவு எப்படித் திறக்கிறது

டெர்பி 1875இல் தொடங்கியது. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஒன்றேகால் மைல் தூரம். மூன்று வயது ஒரு தடவைதான் வரும் என்பதால் ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை. 1974இல் 23 குதிரைகள் ஓடின. மறு ஆண்டிலிருந்து இருபதுக்கு மேல் கூடாது என்று ஆக்கினார்கள். ஒவ்வொரு வருடமும் அமெரிக்காவில் பல்லாயிரம் தரோபிரெட் குட்டிகள் பிறக்கின்றன. அவற்றில் இருபது.

யாரை விடுவது, யாரைத் தடுப்பது? 2012 வரை அதற்குப் பதில் பணம். தரச்சான்று பெற்ற பெரிய பந்தயங்களில் எந்தக் குதிரை அதிகம் சம்பாதித்திருக்கிறதோ அதற்கு முன்னுரிமை. இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குறுந்தூரம் ஓடிச் சேர்த்த பணமும் கணக்கில் சேரும். 2012இல் டிரினிபெர்க் என்ற குதிரை அப்படித்தான் உள்ளே வந்தது. அது அசல் குறுந்தூர ஓட்டக்காரக் குதிரை. டெர்பியில் முன்வரிசையில் சீறிப் பாய்ந்து, பிறகு மூச்சுவாங்கிப் பின்தங்கியது. அதே ஆண்டு பிரீடர்ஸ் கப் ஸ்பிரின்ட் என்ற ஆறு பர்லாங் பந்தயத்தில் அது வென்றது. குதிரையிடம் குறை ஒன்றுமில்லை. அதை அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்திய கணக்குதான் தப்பு.

2013 டெர்பி முதல் புள்ளிமுறை வந்தது. சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனம் சில பந்தயங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை போட்டது. இப்போதைய நிலவரப்படி முந்தைய ஆண்டு இலையுதிர்காலத்தில் நடக்கும் பெரும்பாலான பந்தயங்களில் வெல்லும் குதிரைக்கு 10 புள்ளி. பிப்ரவரி, மார்ச்சில் அது 50 வரை ஏறும். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நடக்கும் ஃபுளோரிடா டெர்பி, ஆர்கன்சா டெர்பி, சான்டா அனிட்டா டெர்பி, புளூ கிராஸ், வுட் மெமோரியல் போன்றவற்றில் முதல் ஐந்து இடங்களுக்கு 100, 50, 25, 15, 10. ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் தனித் தொடர்கள். எல்லாவற்றையும் கூட்டிப் போட்டால் இருபது பெயர் கிடைத்துவிடும்.

நியாயமாகப் பேசுவோம். பழைய பணக்கணக்கைவிட இது மேல். குறுந்தூரக் குதிரைகள் வடிகட்டப்பட்டன. 2013இல் ஆர்ப் தொடங்கி 2018இல் ஜஸ்டிஃபை வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் மக்கள் அதிகம் பணம் கட்டிய குதிரைதான் வென்றது. ஏழைக் குதிரைக்கும் கதவு அடைபடவில்லை. 16,000 டாலருக்கு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று விலை ஒட்டி முதல் ஓட்டத்துக்கு இறக்கப்பட்ட மாக்சிமம் செக்யூரிட்டி, நாலு மாதத்துக்குள் ஃபுளோரிடா டெர்பியை வென்று 100 புள்ளியோடு 2019 டெர்பிக்கு வந்தது. ஆகவே “பழையபடி பணத்தையே எண்ணுங்கப்பா” என்று நான் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. அந்த 100ஐ 100 என்று எழுதியது யார்?

எடை போடுகிறவர் கடைக்காரரே

சர்ச்சில் டவுன்ஸ் என்பது ஒரு மைதானத்தின் பெயர் மட்டுமல்ல, பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரும்கூட. அதற்கு வேறு ஊர்களிலும் மைதானங்கள் உண்டு. நியூ ஆர்லியன்ஸின் ஃபேர் கிரவுண்ட்ஸ் அதனுடையது. அங்கே நடக்கும் லூசியானா டெர்பிக்கு 100 புள்ளி. சரி, அது பழைய பெரிய பந்தயம், விட்டுவிடலாம். அடுத்ததைப் பாருங்கள். கென்டக்கியின் வடகோடியில் டர்ஃப்வே பார்க் என்றொரு மைதானம். அங்கே நடக்கும் ஜெஃப் ரூபி ஸ்டேக்ஸில் வென்றால் 2019இல் 20 புள்ளிதான். அந்த ஆண்டு கடைசியில் சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனம் அந்த மைதானத்தை விலைக்கு வாங்கியது. 2021இல் அதே பந்தயத்துக்கு 100 புள்ளி. டெர்பி ஓடுவது மண் தடத்தில். ஜெஃப் ரூபி ஓடுவது செயற்கைத் தடத்தில். அப்போதும் செயற்கைத் தடம்தான், பிறகும் செயற்கைத் தடம்தான். பத்திரத்தில் பெயர் மாறியிருந்தது.

இன்னொன்று. வர்ஜீனியாவில் கலோனியல் டவுன்ஸ் என்ற மைதானத்தை இந்த நிறுவனம் 2022இல் வாங்கியது. அங்கே புல்தடத்தில் நடந்துவந்த வர்ஜீனியா டெர்பி, 2025இல் மார்ச் மாதத்துக்கும் மண் தடத்துக்கும் மாற்றப்பட்டது. முதல் வருடமே 50 புள்ளியோடு பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

இப்போது எதிர்ப்பக்கம். சிகாகோவை ஒட்டி இல்லினாய் டெர்பி என்ற பந்தயம் இருந்தது; பின்னாளில் அது ஹாத்தார்ன் மைதானத்தில் நடந்தது. 2002இல் வார் எம்பளம் அதில் வென்று நேராக வந்து கென்டக்கி டெர்பியையும் வென்றது. ஒரு முன்னோட்டப் பந்தயத்துக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? 2013இல் முதல் புள்ளிப் பட்டியல் வந்தபோது அதில் இல்லினாய் டெர்பி இல்லவே இல்லை. அதே சிகாகோவில் ஹாத்தார்னுக்குப் போட்டியாக இருந்த ஆர்லிங்டன் மைதானம் அப்போது யாருடையது தெரியுமா? சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனத்துடையது.

இந்த முடிவுகள் எல்லாம் லாபத்துக்காகத்தான் எடுக்கப்பட்டன என்று நான் ஊகிக்கவில்லை. ஊகிக்கத் தேவையும் இல்லை. இப்படி ஊகிக்க இடம் இருக்கிறதே, அதுதான் குற்றம். தராசும் சரக்கும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் எடைக்கு மதிப்பில்லை. மளிகைக் கடையில் இது நமக்குப் புரிகிறது. எண்ணிக்கைப் பட்டியலில் புரிய மாட்டேன் என்கிறது.

பூஜ்யம் எப்படிக் கொல்லும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பந்தயத்துக்குப் புள்ளி இல்லையென்றால் நல்ல குதிரை வைத்திருப்பவர் அங்கே போக மாட்டார். நல்ல குதிரை வராவிட்டால் பந்தயத்தின் தரம் இறங்கும். பிறகு, “பாருங்க, தரமே இல்ல, இதுக்குப் போய் எப்படிப் புள்ளி கொடுக்கறது?” என்று கேட்கலாம். பட்டியல் உலகத்தை அளப்பதாகச் சொல்லிக்கொண்டே உலகத்தைத் தனக்கேற்றபடி செய்துவிடுகிறது.

அதே கால்கள், வேறு கணக்கு

புள்ளி என்பது குதிரையின் திறமையை எண்ணுவது என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு மூத் என்ற குதிரையின் கதை.

2021 டெர்பியில் முதலாவதாக வந்த மெடினா ஸ்பிரிட்டின் ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் இருந்தது. பந்தய நாளில் இருக்கக்கூடாத மருந்து. பிறகு வெற்றி பறிக்கப்பட்டது. பயிற்சியாளர் பாப் பாஃபர்ட்டை சர்ச்சில் டவுன்ஸ் இரண்டு ஆண்டுகளுக்குத் தடை செய்து, பின்னர் மேலும் ஓர் ஆண்டு நீட்டித்தது. பாஃபர்ட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மருந்து விஷயத்தில் கடுமை வேண்டும் என்பவன் நான். ஆனால் தண்டனை எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். தடைக் காலத்தில் அவரிடம் இருந்த குதிரைகள் நாட்டின் எந்த மூலையில் எந்தப் பந்தயத்தை வென்றாலும் புள்ளி கிடைக்கவில்லை.

2022இல் அவரிடமிருந்த டைபா, மெஸ்ஸியர் என்ற இரண்டு குதிரைகளும் டிம் யாக்டீன் என்ற பயிற்சியாளரின் பெயருக்கு மாற்றப்பட்டன. சில நாட்களில் சான்டா அனிட்டா டெர்பி நடந்தது. டைபா முதலிடம், மெஸ்ஸியர் இரண்டாமிடம். புள்ளி கொட்டியது. டைபாவுக்கு அது வாழ்க்கையிலேயே இரண்டாவது ஓட்டம். அதே கால்கள், அதே நுரையீரல். லாயக் கதவில் மாட்டிய பெயர்ப்பலகை மட்டும் வேறு.

2024இல் மூத்தை அப்படி மாற்றவில்லை. மூத் ஆர்கன்சா டெர்பியை வென்றது. கிடைத்தது பூஜ்யம். உரிமையாளர் நீதிமன்றம் போனார், நடக்கவில்லை. அந்தப் பந்தயத்தில் மூத்துக்குப் பின்னால் மூன்றாவதாக வந்த குதிரையின் பெயர் மிஸ்டிக் டான். அதே ஆண்டு மே மாதம் கென்டக்கி டெர்பியை வென்றது அதுதான்.

மூத் ஓடியிருந்தால் வென்றிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. குதிரைகள் அப்படிக் கணக்குப்படி ஓடுவதில்லை. ஆனால் மிஸ்டிக் டானை ஐந்து வாரத்துக்கு முன் முந்திய ஒரு குதிரைக்குத் “தகுதி: பூஜ்யம்” என்று எழுதிய பட்டியலைத் திறமையின் அளவுகோல் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது தண்டனைச் சட்டமாகவும் வேலை செய்கிறது. தண்டிக்க வேண்டுமா, தண்டியுங்கள். ஆனால் தண்டனையை மதிப்பெண் வேஷத்தில் கொண்டுவராதீர்கள்.

பெட்டைக் குதிரைகளின் பூஜ்யங்கள்

டெர்பிக்கு முந்தின நாள், அதே மைதானத்தில் மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகளுக்கென்று கென்டக்கி ஓக்ஸ் நடக்கும். அதற்குத் தனிப் புள்ளிப் பட்டியல். அங்கே சேர்த்த புள்ளி இங்கே செல்லாது. பழைய பணக்கணக்கில் பெட்டைப் பந்தயங்களில் சம்பாதித்த பணமும் டெர்பிக்குச் செல்லுபடியானது. புள்ளிமுறை அந்தச் சின்னக் கதவையும் சாத்திவிட்டது.

இதுவரை டெர்பியை வென்ற பெட்டைக் குதிரைகள் மூன்று. 1915இல் ரிகிரெட், 1980இல் ஜென்யூன் ரிஸ்க், 1988இல் வின்னிங் கலர்ஸ். இவற்றில் ரிகிரெட் இரண்டு வயதில் சாரட்டோகாவின் கோடைப் பந்தயங்களில் வென்றுவிட்டு, மூன்று வயதில் வேறெங்கும் ஓடாமல் நேராக டெர்பிக்கு வந்து ஜெயித்த குதிரை. இன்றைய பட்டியலை அதன் மேல் வைத்தால் ஒற்றைப் புள்ளி தேறாது.

“காலம் மாறிவிட்டதே” என்பீர்கள். சரி, 2020க்கு வருவோம். ஸ்விஸ் ஸ்கைடைவர் அந்த ஆண்டு பெட்டைக் குதிரைகளுக்கான பெரிய பந்தயங்களை வரிசையாக வென்றது. டெர்பிக் கணக்கில் எல்லாம் பூஜ்யம். ஆண்குதிரைகளோடு புளூ கிராஸில் ஓடி இரண்டாவதாக வந்த பிறகுதான் அதன் பெயரே டெர்பிப் பட்டியலில் ஏறியது. கடைசியில் அதன் சொந்தக்காரர்கள் ஓக்ஸையே தேர்ந்தெடுத்தார்கள். அக்டோபரில் பிரீக்னஸ் பந்தயத்துக்கு வந்தது. அங்கே அது தோற்கடித்த குதிரை எது? அந்த ஆண்டு டெர்பி வென்ற ஆத்தென்டிக்.

2010க்குப் பிறகு 2025 வரை டெர்பியில் ஒரு பெட்டைக் குதிரைகூட ஓடவில்லை. இதற்குப் பட்டியல் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2008இல் ஏய்ட் பெல்ஸ் இரண்டாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் முன்னங்கால்கள் இரண்டும் முறிந்து அங்கேயே கருணைக்கொலை செய்யப்பட்டது. அந்தப் பயம் பலரிடம் இருக்கும். ஆனால் தயங்கி நிற்பவர்களிடம் “இதுவரை நீ ஜெயித்ததெல்லாம் ஜெயிப்பே இல்லை, முதலிலிருந்து வா” என்று சொல்லும் வேலையைப் பட்டியல் செய்கிறது.

இருபதாவதும் இருபத்தொன்றாவதும்

2022. ரிச் ஸ்ட்ரைக் இருபதுக்கு வெளியே நின்றது. முந்தைய செப்டம்பரில் 30,000 டாலருக்கு வாங்கப்பட்ட குதிரை. வெள்ளிக்கிழமை காலை, பெயர் நீக்கும் கெடு முடிவதற்குச் சற்று முன்னால், ஈத்தீரியல் ரோடு என்ற குதிரையை விலக்கிக்கொண்டார்கள். ரிச் ஸ்ட்ரைக் உள்ளே வந்தது. மறுநாள் 80க்கு 1 என்ற விலையில், கடைசிக் கதவிலிருந்து புறப்பட்டு, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து வென்றது.

இதைக் கேட்டதும் சிலர், “அது ஜெஃப் ரூபியில் மூணாவதா வந்துதானே புள்ளி எடுத்துச்சு? அப்போ நீ திட்டற அந்த 100 புள்ளிப் பந்தயம் சரிதானே?” என்று மடக்குவார்கள். நல்ல கேள்வி. அந்த மூன்றாமிடத்துக்குக் கிடைத்த 20 புள்ளியாலும் அது இருபதுக்குள் வரவில்லை என்பதே பதில். இன்னொருவர் விலகியதால் வந்தது. பட்டியல் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, தடுக்கத் தவறியது. எத்தனை ஆண்டுகளில் எத்தனை ரிச் ஸ்ட்ரைக்குகள் லாயத்தில் நின்றபடியே டெர்பி நாளைக் கழித்தன என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. ஓடாத குதிரைக்கு நேரம் குறிப்பவர் யாருமில்லை.

எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கோடு போடுங்கள். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தகுதி, அந்தப் பக்கம் தகுதியின்மை என்று பேசாதீர்கள். “இடம் இல்லை” என்பது வேறு, “நீ லாயக்கில்லை” என்பது வேறு.

ஓய்வுக்குப் புள்ளி இல்லை

இந்தக் கணக்கில் வாயில்லாத ஒரே ஆள் குதிரை. புள்ளி போதாமல் கோட்டுக்குப் பக்கத்தில் தொங்கும் குதிரையின் சொந்தக்காரர் ஏப்ரலில் என்ன செய்வார்? “இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாம்” என்பார். டெர்பிக்கு மூன்று வாரம் முன்பு கீன்லேண்டில் நடக்கும் லெக்சிங்டன் ஸ்டேக்ஸ் இப்படிக் கடைசிப் புள்ளி தேடுபவர்களுக்காகவே பட்டியலில் 20 புள்ளியோடு காத்திருக்கிறது. ஓட்டத்துக்குப் புள்ளி உண்டு. ஓய்வுக்கு இல்லை. இன்னும் எலும்பு முற்றாத மூன்று வயது உடம்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2023ஐப் பாருங்கள். பட்டியலின் முதல் இரண்டு இடங்களில் இருந்தவை ஃபோர்ட்டே, பிராக்டிகல் மூவ். இரண்டுமே டெர்பியில் ஓடவில்லை. ஒன்றுக்குக் காய்ச்சல். மற்றதைப் பந்தயத்தன்று காலையில் கால்நடை மருத்துவர்கள் நிறுத்தினார்கள். வைல்ட் ஆன் ஐஸ் என்ற குதிரை நியூ மெக்சிகோவின் சன்லேண்ட் டெர்பியை வென்று 50 புள்ளியோடு லூயிவில் வந்தது. டெர்பிக்குச் சில நாட்கள் முன்பு பயிற்சி ஓட்டத்தில் கால் முறிந்து செத்தது. அந்தப் பருவத்தில் சர்ச்சில் டவுன்ஸில் பன்னிரண்டு குதிரைகள் செத்தன. ஜூன் மாதம் பந்தயங்களையே எல்லிஸ் பார்க் என்ற வேறு மைதானத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தச் சாவுகளைப் புள்ளிப் பட்டியலின் கணக்கில் எழுதினால் அது பொய். ஆனால் எந்தச் சூழலில் முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று கேட்டால், பட்டியலும் கூண்டில் ஏறி நின்றுதான் ஆக வேண்டும்.

பேனா யார் கையில்

“அவங்க மைதானம், அவங்க பந்தயம், அவங்க இஷ்டம். உனக்கென்ன?” இதுதான் கடைசியில் வரும் வாதம். கல்யாண வீட்டுக்காரர் யாரை அழைப்பது என்று அவரே முடிவு செய்யலாம், சரி. ஆனால் டெர்பி ஒரு வீட்டு விசேஷம் இல்லை. மூன்று மாநிலங்களில் நடக்கும் டிரிபிள் கிரவுனின் முதல் படி அது. அதில் வெல்லும் குதிரையின் வித்துக்கு விலை ஏறுகிறது. அடுத்த தலைமுறைக் குதிரைகளின் ரத்தமே அதனால் தீர்மானமாகிறது. நாடு முழுக்க மற்ற மைதானங்களின் நாட்காட்டி இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது. ஊரையே நடத்துகிற ஒன்றை உள்வீட்டு விவகாரம் என்று சொல்ல முடியாது.

அந்த எண்கள் கல்வெட்டும் இல்லை. 2025 டெர்பிக்கான விதிகளில், ஒரு பந்தயத்தில் ஐந்து குதிரைகளே ஓடினால் முக்கால் பங்கு புள்ளிதான் என்று சேர்த்தார்கள். அதனால் சான் ஃபெலிப்பே பந்தயத்தை வென்ற ஜர்னலிசம் என்ற குதிரைக்கு 50க்குப் பதில் 37.5. அரைப் புள்ளி! குதிரை ஓடிய வேகம் மாறவில்லை, பக்கத்தில் ஓடியவர்களின் எண்ணிக்கைக்காகக் கழித்தார்கள். இந்த மாற்றத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு பேனாக் கோட்டில் மாறக்கூடிய எண் அது என்பதையும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் நான் கேட்பதும் முடியாத காரியம் இல்லை. மைதானம் எதுவும் சொந்தமில்லாத ஓர் அமைப்பு பட்டியலை எழுதட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதட்டும். ஒரு பந்தயத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் நீக்கினாலும் ஏன் என்று சொல்லட்டும். பெட்டைக் குதிரைகளின் பெரிய பந்தயங்களுக்குப் பாதிப் புள்ளியாவது டெர்பிக் கணக்கில் சேரட்டும். மருந்துக் குற்றத்தை விசாரிக்க நாடு தழுவிய ஆணையம் இயங்குகிறது. தண்டனையை அது பார்த்துக்கொள்ளட்டும். இருபதில் இரண்டு இடத்தையாவது மூன்று பேர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, கீழே கையெழுத்துப் போடட்டும். “மனுஷன் தேர்ந்தெடுத்தா பாரபட்சம் வருமே?” வரும். ஆனால் கையெழுத்துப் போட்டவரிடம் போய்ச் சண்டை போடலாம். 37.5 என்ற எண்ணிடம் போய் என்ன சண்டை போடுவீர்கள்?

ஒவ்வொரு ஆண்டும் இலையுதிர்காலத் தொடக்கத்தில் புதிய பட்டியல் வெளியாகும். அப்போது எல்லோரும் வலது ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்ப்பார்கள். நீங்கள் இடது ஓரத்தில் பந்தயங்களின் பெயர்களைப் பாருங்கள். எந்தப் பெயர் புதிதாக வந்திருக்கிறது, போன வருடம் இருந்த எந்தப் பெயர் காணாமல் போயிருக்கிறது, அந்த மைதானம் யாருக்குச் சொந்தம் என்று தேடுங்கள். பந்தயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. குதிரைகள் வந்து சேர அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆகும்.